13 வயதுப் பெடியனுக்கு நாரி நோ: பந்து போட விடவா, நிறுத்தவா?

கோண்டாவில் அப்பா:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகனுக்குப் போன மாதம் 13 முடிந்தது. எட்டாம் வகுப்பு. கிரிக்கெட்டில் வலக்கை வேகப்பந்து. பள்ளியின் 15 வயதுக்குட்பட்ட அணியில் புதுப்பந்து அவனுடைய கையில்தான். ஆறு கிழமையாக நாரி நோ, அதாவது கீழ் முதுகு வலி, என்கிறான். நடுவில் இல்லை, இடப்பக்கம். காலையில் எழும்பும்போது பெரிதாக இல்லை. பந்து போட்ட பிறகு, முக்கியமாகப் பின்னுக்கு வளையும்போது, குத்துகிறதாம்.

முறிவு நெரிவு வைத்தியர் ஒருவரிடம் காட்டி எண்ணெய் வாங்கிப் பூசினோம். நான்கு நாள் சுகம். சனிக்கிழமை மட்ச் இருந்தது, ஞாயிற்றுக்கிழமை நோ திரும்பி வந்துவிட்டது. ஒரு எக்ஸ்ரேயும் எடுத்தோம். எலும்பில் ஒன்றும் தெரியவில்லை என்றார்கள். அதனால் நானும் பெரிதாக எடுக்கவில்லை.

இப்போது பிரச்சினை என்னவென்றால், கோச் அவனை 17 வயதுக்குட்பட்ட அணிக்கும் கேட்கிறார். 13 வயதில் 17க்குக் கேட்பது சின்ன விசயமா? அதுபோக, வார இறுதியில் ஒரு அக்கடமியிலும் ஆடுகிறான், அங்கே அடுத்த மாதம் சுற்றுப்போட்டி. இப்போது ஒரு மாதம் நிறுத்தினால் அந்த இடத்துக்கு நிற்பதற்கு இரண்டு பெடியன்கள் வேலிக்குப் பக்கத்திலேயே நிற்கிறார்கள். அவர்களுடைய அப்பாமாரும் நிற்கிறார்கள். எல்லோரும் சிரித்துக் கதைப்போம், ஆனால் யாருடைய பிள்ளை நொண்டுகிறான் என்று எல்லோருக்கும் ஒரு கண் இருக்கும். பொய் சொல்லவில்லை, எனக்கும் இருந்தது.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கதை அரைகுறையாகிவிடும். நான் மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கிறேன். 1995 இல் எனக்கு 15 வயது. நானும் வேகப்பந்துதான். அந்த வருடம் எங்கள் அணியில் நான் நன்றாகப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒக்டோபர் 30 இரவு சண்டையால் வலிகாமத்துச் சனம் முழுக்க நாவற்குழிப் பாலத்தால் போனபோது அந்த நெரிசலில் நாங்களும் போனோம். கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் இருந்தோம். அடுத்த வருடம் திரும்பி வந்தபோது ஓடு இல்லாத வீடும், குடும்பத்துக்கு உழைக்க வேண்டிய நிலையும். அதற்குப் பிறகு நான் லெதர் பந்தைத் தொட்டது மகனுக்கு வாங்கிக் கொடுத்தபோதுதான். இதைச் சொல்லி அனுதாபம் தேடவில்லை. மனைவி அடிக்கடி சொல்லுகிறாள், "நீங்கள் விட்ட ஓவரை எல்லாம் அவன் போட வேணுமோ?" என்று. அவள் சொல்லுவதில் எவ்வளவு உண்மை என்று எனக்கே பிடிபடவில்லை.

செலவைப் பற்றிச் சொல்ல வெளிக்கிட்டால் முடியாது. ஸ்பைக்ஸ் சப்பாத்து மட்டும் 18,000 ரூபாய், அதுவும் எட்டு மாதத்தில் காலுக்குச் சின்னதாகிவிட்டது. பட் வாங்கச் சீட்டுக் காசை எடுத்தேன். சனிக்கிழமை கடை பூட்டு. ரியூசன் வாத்தியார் "தம்பி கணிதத்தில் பின்னுக்குப் போகிறார்" என்று இரண்டு தரம் கோல் எடுத்துவிட்டார். அம்மம்மாவுக்கு அவன் வெயிலில் கறுத்துப்போனது மட்டும்தான் கவலை.

யாழ்ப்பாணத்துப் பெடியன் வியாஸ்காந்த் 2020 இல் லங்கா பிரீமியர் லீக்கில் ஜவ்னா ஸ்டாலியன்ஸுக்கு ஆடி, 2024 இல் ஐபிஎல் வரை போன பிறகு எங்கள் ஊரில் எல்லா அப்பாமாருக்கும் ஒரு கணக்கு மனதில் ஓடத் தொடங்கிவிட்டது. எனக்கும்தான். யாழ்ப்பாணத்தில் இருந்து போகலாம் என்று கண்ணால் கண்டுவிட்டோம். அதற்குப் பிறகு "விளையாட்டு விளையாட்டாக இருக்கட்டும்" என்று சொல்ல வாய் வருகிறதில்லை.

நான் ஒன்றும் கவனமில்லாத ஆள் இல்லை. அவன் போட்ட ஒவ்வொரு ஓவரையும் கடைக் கணக்கு எழுதுகிற மாதிரி ஒரு சி.ஆர். கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். திகதி, எதிரணி, ஓவர், ஓட்டம், விக்கெட், வைட், நோபோல், ஓரத்தில் ஒரு குறிப்பு. கோச்சிடமே அது இல்லை.

கேள்வி இதுதான்: இந்த வயதில் நாரி நோ சாதாரணமா? வளர்கிற பிள்ளைக்கு வருகிறதுதான் என்கிறார்கள். எண்ணெய் பூசி, பெல்ட் கட்டி இந்தச் சுற்றுப்போட்டியை முடிக்கலாமா?

---

வலிகாமத்துச் சிங்கம்:

இந்தக் காலத்துப் பெடியன்களுக்கு எல்லாம் நோதான். போன் பார்த்துக் குனிந்து குனிந்து நாரி போகுது. நாங்கள் ஒரு நாளைக்கு 25 ஓவர் போட்டுவிட்டு, சைக்கிளில் வீட்டுக்குப் போய், கிணற்றில் 50 வாளி அள்ளிக் குளித்தனாங்கள். நிறுத்த வேண்டாம். உடம்பு பழகும்.

---

பிசியோ பிள்ளை:

மேலே எழுதியவருக்கு: ரெனிஸ் பந்தா, லெதர் பந்தா? எந்த வயதில்? அதோடு, 25 ஓவர் போட்டு நாரி போன உங்கள் கூட்டாளிகள் இங்கே வந்து எழுத மாட்டார்கள்.

கோண்டாவில் அண்ணை, நான் பிசியோதெரபிஸ்ட். ஆளைப் பார்க்காமல் இணையத்தில் வருத்தம் சொல்லக் கூடாது, சொல்லவும் மாட்டேன். ஆனால் நீங்கள் எழுதியதில் மூன்று இடத்தில் நின்றுவிட்டேன். வலக்கைப் பந்துவீச்சாளருக்கு இடப்பக்க நாரி. பின்னுக்கு வளைந்தால் குத்து. ஓய்வில் குறைந்து, பந்து போட்டதும் திரும்புவது. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால், வேறு ஒன்று என்று நிரூபிக்கும்வரை, முள்ளந்தண்டின் கீழ் எலும்பில் அழுத்த வெடிப்பு இருக்கலாம் என்றுதான் நாங்கள் நினைக்க வேண்டும்.

அது ஒரே நாளில் முறிகிற முறிவு இல்லை. பந்து விடுகிற கணத்தில் முன்கால் நிலத்தில் ஊன்றுகிறது. அந்தக் கணமே நாரி பின்னுக்கு வளைந்து, ஒரு பக்கம் சரிந்து, சுழலுகிறது. பந்து போடும் கைக்கு எதிர்ப்பக்கத்து எலும்பில்தான் அந்தச் சுமை கூடுதலாக விழும். பெரிய ஆளின் எலும்பு கொஞ்சம் தாங்கும், 13 வயது எலும்பு இன்னும் முற்றவில்லை. இருபது தாண்டியும் முதுகெலும்பு பலப்பட்டுக்கொண்டுதான் இருக்கும். ஒரு கம்பியை ஒரே இடத்தில் மடித்து மடித்து எடுக்கிற மாதிரி. மடிக்கிற தடவைதான் கணக்கு, பலம் இல்லை.

எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்றதை வைத்து நிம்மதிப்பட வேண்டாம். தொடக்க வெடிப்பு எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. எம்.ஆர்.ஐ. ஸ்கானில்தான் பிடிபடும். தொடக்கத்தில் பிடித்தால் சில மாத ஓய்வோடு எலும்பு பொருந்த நல்ல வாய்ப்பு. விட்டால் இரண்டு பக்கமும் வெடித்து, பொருந்தாமலே நின்றுவிடலாம். இந்திய வேகப்பந்து வீச்சாளர் பும்ரா 2022 இல் ரி20 உலகக் கிண்ணத்தைத் தவறவிட்டது முதுகு அழுத்த வெடிப்பால். அவருக்குப் பின்னால் ஒரு நாட்டின் மருத்துவக் குழு இருந்தது. மகனுக்குப் பின்னால் எண்ணெய்ப் போத்தல் இருக்கிறது. எண்ணெய் கெட்டது என்று சொல்லவில்லை, தசைப் பிடிப்புக்குச் சுகம் தரும். இங்கே அது நோவை மறைத்து அவனை மட்சுக்கு அனுப்பியிருக்கிறது.

வியாஸ்காந்த் சுழல்பந்து வீச்சாளர், அண்ணை. அவருடைய நாரிக் கணக்கு வேறு.

வைத்தியரைப் பார்க்கும்வரை பந்துவீச்சு வேண்டாம். பெல்ட் கட்டிப் போடவே வேண்டாம்.

---

பழைய பீ.ரி. மாஸ்டர்:

தம்பி, நான் 31 வருடம் உடற்கல்வி படிப்பித்து ஓய்வு பெற்றவன். பிள்ளை சொன்ன மருத்துவத்துக்குள் நான் வரவில்லை. உங்கள் கொப்பிக்குள் வருகிறேன்.

இங்கிலாந்து கிரிக்கெட் சபை சின்ன வயது வேகப்பந்து வீச்சாளருக்கு ஓவர் எல்லை வைத்திருக்கிறது. 13 வயதுக்குட்பட்டவருக்கு ஒரு ஸ்பெல்லில், அதாவது ஓய்வு இல்லாமல் தொடர்ந்து போடுவதில், 5 ஓவர், நாளுக்கு 10. 14, 15 வயதுக்குட்பட்டவருக்கு ஸ்பெல்லுக்கு 6, நாளுக்கு 12. அது அவர்களுடைய குளிரில். எங்கள் பங்குனி வெயிலில் கட்டாந்தரையில் இல்லை. நீங்கள் ஓட்டமும் விக்கெட்டும் கூட்டியிருப்பீர்கள். நாளுக்கு எத்தனை ஓவர் என்று கூட்டினீர்களா? பள்ளிக் கோச்சுக்குப் பள்ளி ஓவர் தெரியும், அக்கடமிக்காரருக்கு அக்கடமி ஓவர் தெரியும். இரண்டையும் ஒன்றாகத் தெரிந்த ஒரே ஆள் நீங்கள்தான். வலைப் பயிற்சியையும் சேருங்கள். வலையில் போடுகிற பந்துக்கும் அதே எலும்புதான்.

கோச்சை மட்டும் குறை சொல்லவும் மாட்டேன். அவருக்குக் கிடைத்தது ஒரு வேகமான பெடியன். தோற்றால் அதிபர் கூப்பிடுவார். பழைய மாணவர் சங்கத்தார் கனடாவில் இருந்து நேரலை பார்த்துக்கொண்டே வட்ஸ்அப்பில் "ஏன் அந்தப் பெடியனைக் கழற்றினீர்கள்?" என்று கேட்பார்கள். பயிற்சிக் காசு அவர்கள் அனுப்புவது. நானும் ஒரு பெடியனை அப்படிப் பிழிந்தேன். மூன்று வருடம் எங்களுக்குக் கேடயம். பதினேழு வயதில் அவன் குனிந்து சப்பாத்து நூல் கட்ட முடியாமல் நின்றான். எங்காவது கண்டால் இப்போதும் "சேர்" என்று மரியாதையாகத்தான் கதைக்கிறான். எனக்குத்தான் அவன் முகத்தைப் பார்க்க ஏலாது.

13 இல் பிடித்தால்தான் பிடிக்கலாம் என்ற நினைப்பை விடுங்கள். எதிர்வீரசிங்கம் யாழ். மத்திய கல்லூரியில் படித்தவர். 1952 ஹெல்சிங்கி, 1956 மெல்பேர்ண் ஒலிம்பிக்குகளுக்குப் போனார். 1958 இல் டோக்கியோ ஆசியப் போட்டியில் உயரம் பாய்தலில் தங்கம், இலங்கைக்கு அந்தப் போட்டிகளில் முதல் தங்கம். அப்போது அவருக்கு 23 வயது. படிப்பையும் விடவில்லை, கலாநிதிப் பட்டம்வரை போனார். வடக்கின் பெரும் சமர் என்கிற யாழ். மத்திய கல்லூரி, சென். ஜோன்ஸ் கல்லூரி கிரிக்கெட் ஆட்டம் 1904 இல் தொடங்கியது. அங்கே வருகிற சனத்தில் யாரையாவது பிடித்து, எந்த வீரராவது 15 வயதுக்குட்பட்ட அணியில் எத்தனை விக்கெட் எடுத்தார் என்று கேட்டுப் பாருங்கள்.

---

ஒஸ்லோ அக்கா:

தம்பி, நான் ஊரை விட்டு வந்து 28 வருடம், அதனால் உபதேசம் பண்ண எனக்குத் தகுதி குறைவு. இங்கே நடப்பதை மட்டும் சொல்கிறேன்.

நோர்வேயில் சிறுவர் விளையாட்டுக்கென்று தனி விதி இருக்கிறது. 1987 இல் விளையாட்டுச் சம்மேளனம் ஏற்றது, 2007 இல் புதுப்பித்தார்கள். 11 வயதாகும் ஆண்டுக்கு முன் புள்ளிப் பட்டியல், தரவரிசை ஒன்றும் போடக் கூடாது. 13 ஆகும் ஆண்டுக்கு முன் தேசிய சாம்பியன் போட்டிக்குப் போக முடியாது. என் சின்னவனின் முதல் கால்பந்து ஆட்டத்துக்குப் போய், "எந்த இடம், எந்த இடம்?" என்று கேட்டேன். பக்கத்தில் நின்ற நோர்வேத் தாய் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். இடமே இல்லையாம். எனக்கு அன்று இரவு நித்திரை வரவில்லை, இதென்ன சோம்பேறிச் சனம் என்று. பிறகு பார்த்தால் 55 இலட்சம் சனம் உள்ள நாடு 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் 16 தங்கத்தோடு முதலிடம்.

ஆனால் இதைச் சொர்க்கம் என்று நினைக்க வேண்டாம். நாங்கள் தமிழ்ப் பெற்றோர் அந்த விதியைச் சுற்றிப் போக வழி கண்டுபிடித்துவிட்டோம். எங்கள் ஊர்ச் சங்க விளையாட்டு விழாக்களில் ஏழு வயதுக்கும் கிண்ணம், மேடை, போட்டோ. என் வீட்டு அலமாரியிலும் 14 கிண்ணம் இருக்கிறது, தூசு தட்டுவது நான்தான். மூத்தவன் 15 வயதில் எல்லாவற்றையும் விட்டான். ஏன் என்று இன்றுவரை எனக்குச் சொல்லவில்லை.

---

மூன்றாவது சிலிப்:

அண்ணை, எனக்கு 22 வயது. நானும் யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளி அணியில் வேகப்பந்து போட்டேன். இப்போது ஆடுவதில்லை. நாரியால் இல்லை, மோட்டார் சைக்கிளால்.

சிரிக்க வேண்டாம். மட்ச் முடிந்து அப்பாவோடு வீட்டுக்குப் போகும்போது நான் பின்னால், கிற் பாக் இரண்டு பேருக்கும் நடுவில். அப்பா ஹெல்மட்டுக்குள்ளால் கத்திக் கத்திச் சொல்லிக்கொண்டு வருவார். எந்த ஓவரில் லைன் விட்டேன், எந்தக் கட்ச் விட்டேன், மற்றப் பெடியன் எப்படிப் போட்டான். காற்றில் பாதி கேட்காது. கேட்காத பாதியை வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு மறுபடி முதலில் இருந்து சொல்லுவார். விக்கெட் எடுத்த நாளில் வழியில் ஐஸ்கிறீம் குடிக்க நிறுத்துவோம். எடுக்காத நாளில் நேரே வீடு. அப்பா அப்படி ஒரு சட்டம் போடவில்லை. அவருக்கே அது தெரியாது என்று நினைக்கிறேன். எனக்குத் தெரியும். கடைசி ஓவரில் நான் விக்கெட்டைப் பார்ப்பதில்லை, இன்றைக்கு வண்டி நிற்குமா என்றுதான் யோசிப்பேன்.

நோ இருந்தால்கூடச் சொல்ல மாட்டேன். சொன்னால் அப்பாவின் சனிக்கிழமை வீணாகப் போகும். கடை பூட்டிவிட்டு வருகிறார் அல்லவா.

உங்கள் மகன் நோ என்று வாயைத் திறந்து சொல்லியிருக்கிறான். என்னைவிடத் துணிச்சல்காரன். ஆறு கிழமை என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அது அவன் சொல்லத் தொடங்கிய நாளாக இருக்கும். நோகத் தொடங்கிய நாள் எதுவென்று அவனிடம் கேட்டீர்களா?

---

கோண்டாவில் அப்பா:

எல்லோருக்கும் நன்றி. மூன்று நாள் பதில் போடவில்லை, போட முடியவில்லை என்பதுதான் சரி.

மாஸ்டர், உங்கள் சொல்லைக் கேட்டு நேற்றிரவு கடையைப் பூட்டின பிறகு கொப்பியை எடுத்து இருந்தேன். ஓட்டம், விக்கெட் எல்லாவற்றையும் கையால் மறைத்துவிட்டு ஓவரை மட்டும் கல்குலேட்டரில் நாள்நாளாகக் கூட்டினேன். தை முதல் 23 மட்ச் நாள். அதில் 12 ஓவருக்கு மேல் போட்டது 9 நாள். கூடினது ஒரு சனிக்கிழமை, முதல் இன்னிங்ஸில் 11, இரண்டாவதில் 8, மொத்தம் 19. அடுத்த நாள் ஞாயிறு அக்கடமிக்கு 8. இரண்டு நாளில் 27 ஓவர். அந்தப் பக்கத்தில் சிவப்புப் பேனையால் நான் ஒரு நட்சத்திரம் போட்டிருக்கிறேன், ஏனென்றால் அன்று ஐந்து விக்கெட். வலையில் போட்டதற்குக் கணக்கே இல்லை. அதை எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அதைவிட ஓரத்துக் குறிப்புகள்தான் என்னை இருத்திவிட்டன. நான்கு இடத்தில் "இன்று வேகம் குறைவு. சோம்பல்." என்று எழுதியிருக்கிறேன். என் கையெழுத்துத்தான். நான்கும் கனத்த நாளுக்கு அடுத்த நாள். முதலாவது மாசி மாதம். ஆறு கிழமை இல்லை.

சிலிப் தம்பி, மகனிடம் கேட்டேன். எப்போது தொடங்கினது என்று. அவன் முதலில் தாயைப் பார்த்தான். பிறகு, "தம்பியின் பிறந்தநாள் மட்ச்" என்றான். சின்னவனின் பிறந்தநாள் மாசியில். அன்று நான் ஸ்பெல் முடிந்த பிறகும் எல்லைக் கோட்டில் நின்று கோச்சுக்குக் கை காட்டி, இன்னும் இரண்டு ஓவர் கொடுக்கச் சொன்னேன். அது கொப்பியில் இல்லை. நான் எழுதாத ஒன்றே ஒன்று அதுதான் என்று நினைக்கிறேன்.

மனைவி ஒன்றும் சொல்லவில்லை. தேத்தண்ணி போட்டு வைத்துவிட்டுப் போய்விட்டாள். சொல்லியிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

கோச்சுக்குக் கோல் எடுத்தேன். 17க்கும் இல்லை, 15க்கும் இப்போதைக்கு இல்லை என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு "அண்ணை, ஞாயிற்றுக்கிழமையும் போடுகிறார் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லையே" என்றார். மாஸ்டர் சொன்னது அப்படியே சரி. அக்கடமிக்காரர் கட்டின காசு திருப்பித் தர முடியாது என்றார். சரி, போகட்டும்.

பிசியோ பிள்ளை, ஆஸ்பத்திரி எலும்பு கிளினிக் செவ்வாய்க்கிழமை. காலை ஆறு மணிக்கே போனால்தான் நம்பர் எடுக்கலாம் என்கிறார்கள். ஸ்கான் வெளியில் எடுக்கச் சொன்னால் எடுப்பேன், பட் விற்றாவது. ஓவர்க் கணக்கையும் அந்த நான்கு திகதியையும் ஒரு தனித் தாளில் எழுதிவிட்டேன், வைத்தியரிடம் காட்ட. "சோம்பல்" என்ற சொல்லை மட்டும் எழுதவில்லை, வெட்கமாக இருந்தது.

நேற்று ரியூசன் விட்டு அவனைக் கூட்டி வரும்போது நான் வாயைத் திறக்கவில்லை. பலாலி வீதியில் பஸ் ஒன்றுக்குப் பின்னால் புகையோடு வந்துகொண்டிருந்தோம். திருநெல்வேலிச் சந்தி தாண்டினதும் அவனே என் தோளில் தட்டி, "அப்பா, ஏதும் கோவமோ?" என்றான். இல்லை என்றேன். "அப்ப ஒரு கொத்து ரொட்டி வாங்குவமா?" என்றான். வண்டியை நிறுத்தினேன்.

ஸ்கான் முடிவு வந்ததும் இங்கே எழுதுகிறேன்.